தயாளன் சாரின் அப்பா பேச்சு

தனுஜா என்ற அந்தப் பெண் மேடையேறியபோது அவளுடைய அப்பா மூன்றாவது வரிசையில் எழுந்து நின்று கைப்பேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அவள் அவரை அந்த மேடையிலேயே சாகடித்துவிட்டாள். அவர் அதையும் விடாமல் படம் பிடித்தார்.

அவருக்குப் பக்கத்து நாற்காலியில் என் அம்மா உட்கார்ந்திருந்தார்.

நான் மேடைக்குக் கீழே நடுவர் மேசையில் இருந்தேன். இடைநிலைப்பள்ளிகளுக்கான மாவட்டப் பேச்சுப் போட்டி. நடந்தது நான் படித்த பள்ளி மண்டபத்திலேயே. ஜார்ஜ் டவுனில் அது ஒரு சின்னப் பள்ளி. தமிழ் எடுக்கும் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே வேனில் ஏற்றிவிடலாம். அந்த வேனை ஓட்டுபவரும் தமிழாசிரியர் தயாளன் சார்தான். தமிழ்மொழிக் கழகம் அவர்தான், நாடகம் எழுதுவது அவர்தான், பேச்சு எழுதிக் கொடுப்பதும் அவர்தான். நாடகத்தில் அப்பாக்கள் குடிப்பார்கள், கடைசிக் காட்சியில் திருந்துவார்கள். பேச்சில் அப்பாக்கள் சாவார்கள். அன்று காலையிலும் போட்டிக்கு முன்னால் ஒரு குட்டி நாடகம் போட்டார்கள். மீசை ஒட்டிய பையன் ஒருவன் பாட்டிலோடு தள்ளாடிவிட்டு, மகள் அழுததும் பாட்டிலைத் தூக்கிப் போட்டான். மண்டபம் கை தட்டியது. நான் படித்த காலத்திலும் அதே நாடகம்தான். அன்று மீசை ஒட்டியது நான்.

நடுவராக வரச் சொல்லி சார்தான் போன் செய்தார். பழைய மாணவி நடுவராக இருந்தால் யாராவது ஏதாவது சொல்வார்களே என்று கேட்டேன். தமிழ்ப் போட்டிக்கு நடுவர் கிடைப்பதே பெரிய பாடு, மாணவர்கள் தங்கள் வரிசை எண்ணைத்தான் சொல்வார்கள், பள்ளிப் பெயரைச் சொல்வதில்லை, நீ வா மா என்றார். அம்மாவிடம் சொன்னேன். அம்மா சேலையைத் தேய்க்க ஆரம்பித்துவிட்டார். நான் பட்டம் வாங்கிய அன்று கட்டிய சேலை. நடுவர்களுக்குப் பொன்னாடை போடுவார்களாம், அதைப் பார்க்க வேண்டுமாம்.

தனுஜா ஒலிவாங்கி முன்னால் நின்றாள். எல்லாரும் தொடங்குவதுபோலத் தொடங்கினாள்.

“பெருமதிப்பிற்குரிய அவைத் தலைவர் அவர்களே, நீதி வழுவா நடுவர்களே, நேரம் தவறா மணிக்காப்பாளரே...”

நீதி வழுவா என்று சொல்லும்போது எங்கள் மேசையைப் பார்த்து இலேசாகத் தலையைச் சாய்த்தாள். அது நான் சாய்த்த சாய்ப்பு. அப்போதுகூட எனக்குப் புரியவில்லை. ஒரே ஆசிரியரிடம் பழகினால் ஒரே மாதிரிதான் தலை சாயும் என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு அவள் சொன்னாள்: “விடியும் முன்னே எங்கள் வீட்டில் ஒரு பேருந்து விழித்துக்கொள்ளும்.”

என் கையில் இருந்த பேனா நின்றுவிட்டது.

அந்தப் பேருந்து எங்களுடையது. எங்களுடையது என்றால் அப்பா ஓட்டியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகும் கிலாங் பஸ். அப்பா பெயர் அர்ஜுனன். பேசாத மனிதர். பேசினால் திட்டுவார், திட்டி முடித்தால் பசிக்கிறது என்பார். அதிகாலை ஷிப்டுக்குப் போகிறவர்களை ஏற்ற அவர் கிளம்பும்போது பேருந்தின் உறுமலில்தான் நான் எழுந்திருப்பேன். பிறகு சிறுநீரகம் கெட்டது. பேருந்தை வேறொருவர் ஓட்டினார். அப்பா டயாலிசிஸ் நாற்காலியில் படுத்துக்கொண்டு அந்த ஆள் கியர் மாற்றத் தெரியாதவன் என்று திட்டிக்கொண்டிருந்தார்.

நான் நான்காம் படிவம் முடிக்கும் சமயத்தில் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சு வரைக்கும் நீர் ஏறிவிட்டது. கடைசி நாள் சாயங்காலம் நான்தான் கூட இருந்தேன். அம்மாவுக்குத் தொழிற்சாலைக் கேன்டீனில் வேலை, முடிந்ததும் வருவதாக ஏற்பாடு. அப்பா ஐஸ் கேட்டார். கீழே கேன்டீனில் இருக்கும், வாங்கி வா என்றார். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதே என்று தாதி என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். முடியாதுப்பா என்றேன். ஒரு துண்டுதானே என்றார். முடியாதுப்பா என்றேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் திரும்பவில்லை. அம்மா வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு என்று அம்மா கேட்டார். தூங்கிட்டாரும்மா என்று மட்டும் சொன்னேன்.

இதை நான் ஒரே ஓர் ஆளிடம்தான் சொன்னேன். அடுத்த வருஷம், பள்ளி நூலகத்தில், பேச்சுப் போட்டிக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருந்தபோது. தயாளன் சார் என் வீட்டைப் பற்றிக் கேட்டார், அப்பாவைப் பற்றிக் கேட்டார், கடைசியாக என்ன பேசினார் என்று கேட்டார். சொன்னேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 

“இத மேடையில சொல்ல முடியாது மா” என்றார்.

மறுநாள் உரை தட்டச்சாகி வந்தது. அதில் என் அப்பா பேசினார். மருத்துவமனைக் கட்டிலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மகளே, நான் ஓட்டிய பேருந்தில் ஏறியவர்கள் எல்லாம் தொழிற்சாலைக்குப் போனார்கள். நீ ஏறும் பேருந்து பல்கலைக்கழகத்துக்குப் போகட்டும்” என்றார்.

அப்பா என்னை ஒருநாளும் மகளே என்று கூப்பிட்டதில்லை. ஆனாலும் அந்தத் தாளை நான் எத்தனை தடவை படித்தேன் தெரியுமா. சுவர்ப்பக்கம் திரும்பிய முதுகுக்குப் பதிலாக எனக்கு ஒரு முகம் கிடைத்தது. எனக்காக, எனக்காக மட்டும், ஒரு மனிதர் ராத்திரி உட்கார்ந்து என் அப்பாவைத் திருப்பி எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்தேன். அதற்காக அந்த மனிதரைக் கும்பிட்டேன்.

இதே மண்டபத்தில் நடந்த மாவட்டப் போட்டியில் அந்த வரியைச் சொல்லும்போது ‘பேருந்தில்’ என்ற சொல்லோடு எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. உண்மையாகவே அடைத்தது. நின்றேன். மண்டபம் நின்றது. பிறகு மீதியைச் சொன்னேன். முதல் பரிசு. சார் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து, மாநிலப் போட்டியிலும் அதே இடத்தில் நிறுத்து மா என்றார். மாநிலப் போட்டியில் எனக்கு அழுகை வரவில்லை. நிறுத்த மட்டும் நிறுத்தினேன். அது போதுமாக இருந்தது.

யாரோ அதைப் படம் பிடித்து முகநூலில் போட்டார்கள். அம்மா பார்த்தார். கேன்டீனிலிருந்து வந்த உடுப்போடு தரையில் உட்கார்ந்துகொண்டு, ஏண்டி இத எங்கிட்ட சொல்லல என்று கேட்டார். அப்பா செத்ததற்கு அழாத அம்மா அன்றுதான் அழுதார். அவரு மனசுல இவ்வளவு இருந்திருக்கு பாரு என்றார். அந்த நிலையில் இருந்த அம்மாவிடம் போய், இல்லைம்மா, அவர் ஐஸ் கேட்டார், நான் கொடுக்கவில்லை என்று யார் சொல்வார்கள்? அப்பாவின் முதல் நினைவு நாளுக்குப் பத்திரிகையில் படம் போட்டபோது படத்துக்குக் கீழே அந்த வரியையும் போடச் சொன்னார். ஒவ்வொரு திவசத்துக்கும் படையல் வைத்துவிட்டு, கைப்பேசியில் என் பேச்சைப் போட்டு, அப்பாவின் படத்துக்கு முன்னால் சாய்த்து வைப்பார். சொந்தக்காரர்கள் வந்தால் அந்த வரியைச் சொல்லிக் காட்டுவார். அம்மாவிடம் அப்பாவைப் பற்றி மிச்சமிருந்த பொருள் அது ஒன்றுதான்.

இப்போது மேடையில் தனுஜா அதை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

நான் திரும்பி மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். அம்மா மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, பிள்ளைகள் பேசும்போது எல்லாரும் வைத்துக்கொள்ளும் அந்தப் பொதுச் சிரிப்போடு இருந்தார். பேருந்து விழிக்கும் இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாயான் லெப்பாஸ் வந்ததும் புருவம் சற்றுக் கூடியது. டயாலிசிஸ் வந்தது. சிரிப்பு அப்படியே இருந்தது, ஆனால் அதற்குப் பின்னால் ஆள் இல்லை. எழுந்து போய்விடும்மா என்று மனசுக்குள் சொன்னேன். கழிப்பறைக்குப் போ. தண்ணீர் குடிக்கப் போ. தனுஜா ஒரு கையை முன்னால் நீட்டி, இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டாள்.

“மகளே, நான் ஓட்டிய பேருந்தில்...”

நிறுத்தினாள். தொண்டை அடைத்தது. உதடு நடுங்கியது. என்னுடைய அழுகை, அதே சொல்லில், அதே நீளத்துக்கு. நான் அழுததைவிட நன்றாக அழுதாள், அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு மீதி வரி வந்தது. மண்டபத்தில் மூக்குறிஞ்சும் சத்தம். அவளுடைய அப்பா ஒரு கையில் கைப்பேசியைப் பிடித்தபடி இன்னொரு கையால் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

அம்மா மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி அடித்தது. மதிப்பெண் போட வேண்டும். மொழி, குரல், உடல்மொழி, கருத்து. முதல் மூன்றுக்கும் போட்டுவிட்டேன். கருத்துக்கு எத்தனை போடுவது? என் அப்பாவுக்கு நானே மதிப்பெண் போடச் சொல்கிறார்கள். பேனாவைக் கீழே வைத்தேன்.

பக்கத்தில் தலைமை நடுவர் திருமதி அலமேலு, ஓய்வுபெற்ற தமிழாசிரியை, கைக்குட்டையால் கண்ணோரம் ஒற்றிக்கொண்டிருந்தார். “எத்தன தடவ கேட்டாலும் அந்த எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிடுது” என்று என் காதருகே சொன்னார்.

எத்தனை தடவை கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

“தயாளன் சாரோட அப்பா பேச்சுதானே. வருஷா வருஷம் வருமே. போன வருஷம் ஒரு பையன் பேசினான், அவன் மகனேன்னு மாத்திக்கிட்டான். அதுக்கு முந்தி தாசேக் கெலுகோர் பக்கத்துப் பிள்ள ஒன்னு, சார் அங்க பயிற்சி குடுக்கப் போனப்போ. அது பஸ்ஸுக்குப் பதிலா ரப்பர்ப் பால்மரத் தோட்டம்னு மாத்தி வெச்சிருந்துச்சு, அவ்வளவா ஒட்டல. பஸ்தான் நல்லாருக்கு.” என் தாளைப் பார்த்தார். “கருத்து போடாம விட்டுட்டீங்களே மா.”

பஸ்தான் நல்லாருக்கு. மாவட்டத்தில் பேச்சுப் போட்டிக்கு வந்துபோகும் எல்லாருக்கும் என் அப்பா எப்படிச் சாவார் என்பது தெரிந்திருக்கிறது. எந்த வேலையில் செத்தால் எடுபடும் என்பதுவரைக்கும் தெரிந்திருக்கிறது. தெரியாதவர்கள் இரண்டே பேர், நானும் அம்மாவும். கருத்துக்கு முழு மதிப்பெண் போட்டுத் தாளை நகர்த்தினேன். அந்தப் பெண் மேல் எனக்குக் கோபமில்லை. கோபத்தை வீணாக்க நான் தயாராக இல்லை.

இடைவேளையில் மீ கோரிங்கும் தேநீரும் வைத்திருந்தார்கள். அம்மாவைத் தேடிப் போனேன். தனுஜாவின் அப்பா அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். யுகேந்திரன் என்று என்னிடம் பெயர் சொன்னார். நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கப் பேசுகிறவர்.

“நான் டோபி கடை வெச்சிருக்கேன் மேடம். பஸ் என்னா, வேன்கூட ஓட்டினதில்ல. என்ன டிரைவராக்கி, கிட்னியக் கெடுத்து, படுக்க வெச்சு, ஒரே மூச்சுல முடிச்சிட்டா. வீட்டுல ஒரு மாசமா சாகுறேன், தெனமும் சாப்பிட்டு முடிச்சதும். எங்க வீட்டுக்காரம்மா சொல்றாங்க, நேத்து நல்லா செத்தீங்க, இன்னிக்கு சரியில்லன்னு.”

அம்மா சிரித்தார். மரியாதைக்கு. கையிலிருந்த தட்டில் மீ அப்படியே இருந்தது.

“உங்க மகளும் இதே ஸ்கூல்தானா அக்கா?” என்று அவர் அம்மாவைக் கேட்டார்.

“ஆமா” என்றார் அம்மா. “அவளும் பேசுவா.”

தயாளன் சாரை மண்டபத்துக்குப் பின்னால், நாடகச் சாமான் போட்டு வைக்கும் அறை வாசலில் பிடித்தேன். ஒட்டு மீசையை டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. அதுதான் எனக்கு முதல் அடி. ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே அந்த முகத்தில் இல்லை.

“கேட்டியா மா? ஒனக்கு அப்பறம் அந்த அளவுக்கு வந்தது இந்தப் பிள்ளதான். நீ கேட்டா சந்தோஷப்படுவேன்னுதான் கூப்பிட்டேன்.”

அது என் அப்பா சார் என்றேன். நான் உங்களிடம் சொன்னது. வேறு யாரிடமும் சொல்லாதது. 

சார் டப்பாவை மூடினார். பொறுமையாகத்தான் பேசினார், வகுப்பில் விளக்குவதுபோல. நீ சொன்னதை நான் எழுதவே இல்லையே துளசி, நீ சொன்னது ஐஸ், அதை நான் யாரிடமும் சொன்னதில்லை என்றார். பள்ளியில் தமிழ்ப் பிள்ளைகள் ஒரு கைப்பிடி. பெரிய பள்ளிகளுக்குப் பயிற்றுநர்கள் வெளியிலிருந்து வருகிறார்கள். கோப்பை வரவில்லை என்றால் தலைமையாசிரியர் அடுத்த வருஷம் தமிழ் வகுப்புக்கு நேரமே ஒதுக்க மாட்டார். இருக்கிற ஒரே நல்ல உரையைப் பெட்டியில் போட்டுப் பூட்டிவைக்க முடியுமா என்று கேட்டார்.

“அதுல இருக்கிறது எங்கப்பா சார்.”

“அதுல இருக்கிறது நான் எழுதின அப்பா மா” என்றார். “ஒங்கப்பா அப்படிப் பேசலன்னு நீதானே சொன்ன. அந்தப் பேச்சுக்குத்தான் மாநிலத்துல பரிசு வந்துச்சு. அந்தக் கோகு மார்க்கு இல்லாம ஒனக்கு யூனிவர்சிட்டில எடம் கெடச்சிருக்குமா? நெனச்சிப் பாரு. ஒனக்கு மட்டும்தான் உதவணும், மத்த பிள்ளைக்கு உதவக் கூடாதுன்னா எப்படி?”

அவர் சொன்னதில் தப்பில்லை, அதுதான் அசிங்கம். புறப்பாட நடவடிக்கை மதிப்பெண் சேராவிட்டால் என் தேர்ச்சிக்கு அந்த இடம் கிடைத்திருக்காது என்பது உண்மை. அப்பா வழி, அம்மா வழி இரண்டு குடும்பங்களிலும் பல்கலைக்கழக வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான், தாண்டியது அந்த வரியின் மேல் ஏறி. இப்போது அதே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். காலையில் கிலாங் பஸ்கள் ஆள் இறக்கும் அதே வாசலில்தான் நானும் நுழைகிறேன். ஆனால் ஒருவன் ஒன்றைக் கொடுத்தால் கொடுத்ததாக இருக்க வேண்டும். என் கையில் இருப்பது எனக்கே எனக்கு என்று நான் நம்பிக்கொண்டிருந்தபோது, அவர் அதை வருஷா வருஷம் வெளுத்துத் தேய்த்து அடுத்த பிள்ளைக்கு மாட்டிக்கொண்டிருந்தார். என் அழுகையையும் சேர்த்து.

அந்த அழுகையுமா சார் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன்.

“அந்த எடத்துல நிறுத்தினாதான் மா எடுபடுது” என்றார். “நீதானே கண்டுபுடிச்ச.”

முடிவு அறிவிப்பதற்கு முன்னால் ஒரு நடுவர் மேடையேறிக் கருத்துரை சொல்வது எங்கள் போட்டிகளில் வழக்கம். தலைமை நடுவர்தான் சொல்வார். அன்று திருமதி அலமேலு, இந்தப் பள்ளியின் பழைய மாணவி, முன்னாள் மாநில வெற்றியாளர் பேசட்டும் என்று சொல்லி ஒலிவாங்கியை என் பக்கம் தள்ளிவிட்டார். ஏற்பாடு யாருடையது என்பது எனக்குத் தெரியும். தயாளன் சார் சுவரோரம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மேடையேறினேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டது. இனிமேல் நான் காப்பாற்ற அங்கே எதுவும் இல்லை.

“கடைசியாகப் பேசிய மாணவியின் உரையை நான் முன்பே கேட்டிருக்கிறேன்” என்றேன். “பேசியும் இருக்கிறேன். இதே மேடையில்.”

கை தட்டினார்கள்.

அதில் வரும் அப்பா என்னுடைய அப்பா என்றேன். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பின்வரிசையில் இரண்டு ஆசிரியைகள் கைப்பேசியை உயர்த்தினார்கள். அந்த வரியை என் அப்பா சொல்லவில்லை என்றேன். இதைச் சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்தேன், மேலே பேச முடியவில்லை. வாய் நின்றுவிட்டது. மண்டபமும் நின்றது. மின்விசிறிச் சத்தம் கேட்டது. எல்லா முகங்களும் என்னை நோக்கி நீண்டு காத்திருப்பதைப் பார்த்தபோது எனக்குப் புரிந்துவிட்டது. நான் எந்த இடத்தில் நின்றாலும் இவர்களுக்கு அது நிறுத்தும் இடம்தான்.

“அவர் ஐஸ் கேட்டார்” என்றேன். “நான் கொடுக்கவில்லை.”

முன்வரிசையில் ஓர் ஆசிரியை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து நின்று கை தட்டினார்கள். தனுஜாவின் அப்பா தலைக்கு மேல் கையைத் தூக்கித் தட்டினார். நெஞ்சை உருக்கும் கருத்துரை என்று அறிவிப்பாளர் சொன்னார். நான் குற்றம் சாட்டியிருந்தேன், அவர்கள் அதைப் பேச்சாகக் கேட்டு ரசித்துவிட்டார்கள். எல்லாரும் நின்றதால் எனக்கு அம்மா தெரியவில்லை. அவர்கள் உட்கார்ந்தபோதுதான் தெரிந்தார். அவர் எழுந்திருக்கவே இல்லை.

தனுஜாவுக்கு முதல் பரிசு. எனக்குப் பொன்னாடை. போர்த்தியவர் தயாளன் சார்.

கிளம்பும்போது தனுஜா ஓடி வந்தாள். கையில் கோப்பை, இன்னொரு கையில் உரைத் தாள். முகமெல்லாம் வியர்வை. பக்கத்தில் பார்த்தால் ரொம்பச் சின்னப் பெண்.

“அக்கா, நீங்க பேசினது செம்ம லா. சார் சொல்றாரு, மாநிலப் போட்டிக்கு அந்த ஐஸையும் உள்ள வெச்சிக்கலாம்னு. மொதல்ல ஐஸ், அப்பறம் மகளே வரணுமாம். ஒங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கச் சொன்னாரு. ஓகேவா அக்கா?”

தாளின் ஓரத்தில் பென்சிலால் ஏற்கெனவே எழுதியிருந்தது. சாரின் எழுத்து. ‘ஒரே ஒரு பனித்துண்டு கேட்டார் என் தந்தை.’ பனித்துண்டு. அதற்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு. அந்தக் கோடு எனக்குத் தெரியும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும்.

“கூடாது” என்றேன்.

அவள் முகம் சுருங்கியது. தான் செய்த தப்பு என்ன என்று தேடினாள். இல்லாத தப்பை எங்கே தேடுவாள். திரும்பி சாரைப் பார்த்தாள். சார் தூரத்திலிருந்து, பரவாயில்லை, வா, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதுபோலக் கையை ஆட்டினார். அந்தக் கையாட்டலில் எனக்கு மாநிலப் போட்டி முழுவதும் தெரிந்துவிட்டது.

நாங்கள் இருப்பது அக்கரையில், பாகான் டாலாமில். அப்பா போன பிறகு அம்மா தன் தங்கை வீட்டுப் பக்கத்திலேயே வீடு பார்த்துக்கொண்டார். ஃபெரிக்கு நடந்தோம்.  வழியில் அம்மா பொன்னாடையை என் தோளிலிருந்து எடுத்து மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். ஃபெரியில் ஜன்னலோர இருக்கை கிடைத்தது. கீழ்த்தளத்தில் மோட்டார் சைக்கிள்களை வரிசையாக நிறுத்தும் சத்தம். ஃபெரி கிளம்பிக் கொஞ்ச தூரம் வந்த பிறகுதான் வாயைத் திறந்தார்.

“அந்த மனுஷன் டோபி கடை வெச்சிருக்காராம்.”

“ம்.”

“அந்த வரி, சார் எழுதினதா?”

ஆமாம் என்றேன்.

“நல்லா எழுதியிருக்காரு” என்றார் அம்மா. பிறகு, “பேப்பர்ல போட்டேன் நானு” என்றார்.

சொல்லியிருக்க வேண்டும் என்றேன். எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை என்றேன். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. கைப்பேசியை எடுத்தார், எதையோ தேடுவதுபோலத் திரையைத் தள்ளிக்கொண்டே போனார், நிறுத்தினார், திரையில் நான் இருந்தேன், சீருடையில், வாய் திறந்தபடி. அழுத்தாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். திரை தானாக இருண்டது. பையில் போட்டுக்கொண்டார்.

“ஐஸ்தானடி” என்றார். “ஒரு துண்டு. குடுத்திருக்கலாம்.”

கோபமாகச் சொல்லவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு, கடையில் எதையோ வாங்க மறந்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். இத்தனை வருஷமாக நான் எந்த வாக்கியத்துக்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது அதுதான். அதைக் கேட்காமல் இருக்கத்தான் அந்த வரிக்குப் பின்னால் போய் நின்றேன். அந்த வரியை எனக்குக் கொடுத்தவரே அதை என் அம்மாவின் கண்ணெதிரே பிடுங்கி வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார். ஐஸையும் கொடுத்துவிட்டார்.

“நர்ஸ் வேணாம்னாங்கம்மா.”

“நர்சுக்கு என்னா. அவங்களுக்கு அவரு யாரோ.”

அம்மாவுக்குப் பதில் சொல்லத் திரும்பினேன். பதில் உடனே வந்தது. முழுசாக வந்தது, நல்ல தமிழில், ஏற வேண்டிய இடத்தில் ஏறி, இறங்க வேண்டிய இடத்தில் இறங்கி, நடுவில் தொண்டை அடைக்க ஓர் இடமும் விட்டு. சொல்லியிருந்தால் அம்மா அழுதிருப்பார். என் கையைப் பிடித்திருப்பார்.

வாயை மூடிக்கொண்டேன். கீழே மோட்டார் சைக்கிள்காரர்கள் இயந்திரத்தை முடுக்க ஆரம்பித்தார்கள். அம்மா பையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் எழுந்து போனார்.